நாலு மணிச் சூடு

எனக்குக் கோபம் மூக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நல்லவன் மாதிரி எழுத ஆரம்பித்தால் நடுவில் மாட்டிக்கொள்வேன்.

பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் விவசாயக் கருவிகளை வடிவமைக்கிற ஒரு சின்ன ஆபீஸ் இருந்தது. இரண்டு அறை, பின்னால் ஒரு பட்டறைக் கொட்டகை. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே தற்காலிகப் பணியாள். பாலிடெக்னிக் படித்துவிட்டுக் கோடு போடுகிற வேலை. கடலை பறிக்கிற கருவி, விதை போடுகிற கருவி என்று யாரோ யோசித்ததை நான் வரைந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் மேலதிகாரி கூப்பிட்டார். "வெயில்லயே வெந்நீர் போடற மாதிரி பெட்டி ஒண்ணு பண்ணணும்ப்பா. தோட்டத்துல இருக்கறவனுக்கு ஒதவணும், அவனால பண்ணிக்கவும் முடியணும். நீயே யோசி" என்றார். சந்தேகப் பிராணி. ஆனால் நல்ல மனிதர்.

தோட்டக்காரனுக்கு வெந்நீர் எதற்கு என்று டவுன்காரர்கள் கேட்பார்கள். பால் கேனைப் பச்சைத் தண்ணீரில் கழுவினால் பால் திரியும், சொசைட்டியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கன்று போட்ட மாட்டுக்கு வெந்நீர் ஊற்ற வேண்டும். மடி கழுவ, தவிடு கலக்க, எதற்கென்றாலும் வெந்நீர். மாடு வைத்திருக்கிற வீட்டில் கொல்லைப்பக்கம் ஓர் அடுப்பு எப்போதும் புகைந்துகொண்டிருக்கும். அதன் முன்னால் உட்கார்ந்து ஊதுவது யார் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் அது அண்ணி. அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் போகிற வழியில், சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி அண்ணன் வீடு. இரண்டு எருமை, ஒரு பசு, கொஞ்சம் மானாவாரி நிலம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அந்த எருமைகள்தான். எருமைகள் என்றால் அண்ணி. அவர் கல்யாணமாகி வந்தபோது நான் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணிக்கு இரைப்பு. கோடையில் தேவலை. மழைக்காலத்தில் பாதிப் பேச்சில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டுதான் அடுத்த வார்த்தை வரும். அரியலூரில் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். "சமையல் அடுப்பக்கூட விடும்மா, அது ஒரு மணி நேரம். அந்த மாட்டு வெந்நீர் அடுப்பு பக்கமே போகக் கூடாது. ஈர வெறகுப் புகைதான் ஒன்ன இப்படிப் பண்ணுது. இன்னும் ரெண்டு மழைக்காலம் அத ஊதினா அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அண்ணி சிரித்தார். "அடுப்பு பக்கம் போகாம, டாக்டர் வூட்டுல போய் ஒக்காந்துக்கவா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இதுல என்ன அண்ணி இளிப்பு? ஒரே வருசம் பொறுங்க. அந்த அடுப்ப இடிச்சுத் தள்றேன். இது என் பொறுப்பு" என்று நடுரோட்டில் கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இன்னும் சிரித்தார்.

மேலதிகாரி பெட்டி பண்ணச் சொன்னது அதற்குப் பிறகு இரண்டு வாரத்தில். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெட்டி பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கதவு அளவுக்கு ஒரு மரப்பெட்டி. உள்ளே கறுப்புப் பெயிண்ட் அடித்த தகடு, அதன் மேல் வரிசையாக ஒடுக்கமான செப்புக் குழாய்கள், மேலே கண்ணாடி. தெற்கே பார்த்துச் சாய்த்து வைக்க வேண்டும். பெட்டிக்குப் பின்னால் உயரத்தில் ஒரு தண்ணீர் டிரம். வெயிலில் குழாய்த் தண்ணீர் சூடானால் தானாக மேலே ஏறி டிரம்முக்குப் போகும், டிரம்மின் அடியில் இருக்கிற பச்சைத் தண்ணீர் கீழே குழாய்க்கு இறங்கும். பம்பு வேண்டாம், கரண்ட் வேண்டாம். சூடு வெளியே போகாமல் இருக்க டிரம்மைச் சுற்றி நெல் உமியைத் திணித்துச் சாக்குக் கட்டினேன். உமி என் சொந்த யோசனை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஆபீஸ் கொட்டகை ஓரத்தில் வைத்துப் பார்த்தோம். முதல் வாரமே கை வைக்க முடியாத சூடு. மேலதிகாரி விரலை விட்டு, "அட" என்று எடுத்துக்கொண்டார். அடுத்த நிமிடமே சந்தேகம் வந்துவிட்டது. "இங்க சரி. தோட்டத்துல வெச்சுப் பாரு. ஒரு மழைக்காலம் தாண்டணும். தெனம் சாயங்காலம் நாலு மணிக்குச் சூடு எவ்வளவுன்னு நோட்டு போட்டு எழுதணும். அம்பத்தஞ்சு டிகிரிக்குக் கொறையாம நின்னுச்சுன்னா மேல அனுப்பறேன். ஒன் வேலையையும் நெரந்தரம் பண்ணச் சொல்லி எழுதறேன்."

எந்தத் தோட்டம் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஆனி மாதத்தில் பெட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். மாட்டுக் கொட்டகைக்குத் தெற்கே சுண்ணாம்புக்கல் அடுக்கி ஒரு மேடை கட்டினோம், ஏறுவதற்கு நாலு படி. டிரம்முக்குக் குழாய் இணைப்பெல்லாம் கிடையாது. கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுபோய் மூடியைத் திறந்து ஊற்ற வேண்டும். கீழே ஒரு குழாய், அதைத் திறந்து வெந்நீர் பிடித்துக்கொள்ளலாம். முதல் தண்ணீர் குழாய்க்குள் இறங்கினதும் அண்ணன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பை ஒரே குத்தில் இடித்தார். அண்ணி பெட்டியின் கண்ணாடி மேல் குங்குமப் பொட்டு வைத்தார். மாட்டுக்கு வைக்கிற மாதிரி பெரிய பொட்டு.

"அண்ணி, என்ன பண்றீங்க? வெயில மறைக்குது!" என்று பாய்ந்து துடைத்தேன்.

"ஒரு பொட்டு மறைக்கிற வெயிலா? ஓம் பொட்டிக்கு அம்புட்டு ரோஷமா?" என்றார். பிறகு மரச்சட்டத்தில், வெயில் படாத பக்கம் வைத்தார்.

அண்ணி எட்டாவது வரை படித்தவர். தெர்மாமீட்டரில் கோடு பார்க்க ஒரே நாளில் கற்றுக்கொண்டார். டிரம்மில் அதை விட்டு, நூறு எண்ணி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, கீழே இறங்கி வந்து நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதுவார். மணி பார்க்க வீட்டில் கடிகாரம் இல்லை. சிமெண்ட் ஆலைச் சங்கு நாலு மணிக்கு ஊதும், அப்போது ஏறுவார். சங்கு ஊதினால் எருமைகூட இப்போது மேடையைத் திரும்பிப் பார்க்கிறது என்று ஒருமுறை சொன்னார்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பஸ்ஸில் போய் நோட்டைப் பார்ப்பேன். ஆடியில் அறுபது, அறுபத்திரண்டு. ஆவணியிலும் அப்படித்தான். அண்ணி இரண்டு பேச்சு சேர்ந்தாற்போல் பேசினார். சாதத்தைப் போட்டுக்கொண்டே, "நெஞ்சுல இருந்த கல்ல எறக்கி வெச்ச மாதிரி இருக்கு தம்பி" என்றார். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இது என்று அன்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் எப்படி இருந்தது என்று இப்போது யோசித்துப் பார்த்தால் நினைவுக்கு வருவதில்லை.

புரட்டாசி ஞாயிறு போனபோது நோட்டில் எண்கள் இறங்கியிருந்தன. ஐம்பத்தொன்பது, ஐம்பத்தேழு, ஐம்பத்தைந்து. முந்தின நாள் நாற்பத்தாறு.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வானத்தில் மேகம் இல்லை. கண்ணாடி துடைத்திருந்தது. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன், ஒரு குறையும் தெரியவில்லை. குறை தெரியாவிட்டால் எனக்குக் கத்துவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

"நாப்பத்தாறா? எங்க பாத்தீங்க, எப்படிப் பாத்தீங்க? தெர்மாமீட்டர வெளிய எடுத்துட்டு ஆற அமரப் பாத்தா கொறையாம என்ன பண்ணும்?"

"சரியாத்தான் தம்பி பாத்தேன். நூறு எண்ணித்தான் எடுத்தேன். தண்ணியே ஆறித்தான் இருந்திச்சு."

"கத அளக்காதீங்க. இத ஆபீஸ்ல அந்த ஆளு பாத்தா என் வேலைக்கே வேட்டு வெச்சிடுவான். அம்பத்தஞ்சுக்குக் கொறையக் கூடாது. கொறஞ்சா பெட்டியும் போச்சு, நானும் போயிட்டேன். புரியுதா?"

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த நாற்பத்தாறின் நாலை ஐந்தாகத் திருத்தினேன். ஐம்பத்தாறு. "இப்படித்தான் இருந்திருக்கும்" என்றேன். அண்ணி நோட்டையும் என்னையும் பார்த்தார். கிளம்பும்போது, "போயிட்டு வா தம்பி, நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதன் பிறகு எண்கள் ஏறிவிட்டன. ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு. ஐப்பசியில் அடைமழை பிடித்தபோதும் ஐம்பத்தைந்துக்குக் கீழே ஒரு நாள்கூட இல்லை. நோட்டைப் பெரம்பலூரில் காட்டினேன்.

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "மழையிலயுமா? சூரியனே இல்லாத நாளுக்கும் இதே சூடு எழுதியிருக்கேப்பா."

"உமி சார். முந்தின நாள் சூட்ட உமி புடிச்சு வெச்சுக்குது. எங்க அண்ணிக்குப் பொய் எழுதத் தெரியாது."

அவர் தலையாட்டினார். உமியைப் பற்றி நான் நாலு பக்கம் எழுதினேன். படம் போட்டு, அம்புக்குறி போட்டு எழுதினேன்.

கார்த்திகையில் போனபோது அண்ணிக்கு மூச்சு மறுபடியும் இழுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து கொடுப்பதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். புடவையில் புகை வாசனை. சமையல் புகை என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். மூக்குக்கு வந்தது, அவ்வளவுதான். "அடுப்புதான் இல்லையே, பின்ன எதுக்கு இப்படி இழுக்குது? லாரித் தூசியா இருக்கும். கதவச் சாத்தி வைங்க" என்று எரிந்து விழுந்தேன். டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல சூடு.

மார்கழிக் கடைசியில் நிரந்தர ஆணை வந்தது. பெட்டியைப் பல தோட்டங்களில் வைக்கவும் மேலிடம் ஒத்துக்கொண்டது. அல்வா வாங்கிக்கொண்டு போனேன். அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அண்ணி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அல்வாவை நுனிவிரலில் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"வேலை கெடைச்சிருச்சுல்ல? இனிமே நோட்டு எழுத வேணாம்ல தம்பி?"

"ஐயோ, அதெப்படி? வருசம் முழுசும் வேணும்னு கேக்கறாரு. ஆனி வரைக்கும் எழுதுங்க."

"ஆனி வரைக்கும்" என்று அண்ணி திருப்பிச் சொன்னார். "சரி."

பொங்கல் கழிந்து பத்து நாளிருக்கும். அண்ணன் அனுப்பிய ஆள் காலையில் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். முந்தின சாயங்காலம் மூச்சு முட்டி, அரியலூருக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்களாம். போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மேசையில் இருந்த படத்தைச் சுருட்டி வைத்தேன். பென்சிலைச் சீவி டப்பாவில் போட்டேன். அரியலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது, உட்கார்ந்துகொண்டேன். பருத்திக் காட்டில் பெண்கள் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் கொடுத்த கண்டக்டர் மீதியைச் சரியாகத் தந்தாரா என்று பார்த்துக்கொண்டேன். அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு கதறினபோது அவர் முதுகைத் தட்டினேன். பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. பசித்தது, சாப்பிட்டேன். தூங்கினேன். பதினாறாம் நாள் காரியம் வரை இப்படியே போனது.

காரியம் முடிந்த மறுநாள், மாதிரிக்குப் பெட்டியை எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள் என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனேன். தைக் கடைசி வெயில். உச்சி சாய்ந்த நேரம். டிரம்மைக் காலி செய்யக் கீழ்க்குழாயைத் திறந்து கையை நீட்டினேன்.

தண்ணீர் ஜில்லென்று இருந்தது. கிணற்றில் அப்போதுதான் இறைத்த மாதிரி.

கண்ணாடியைத் தொட்டேன், சுட்டது. தகடு சுட்டது. தண்ணீர் மட்டும் சுடவில்லை. குழாய் ஒன்றைக் கழற்றிக் கம்பியை விட்டேன், போகவில்லை. ரம்பத்தால் அறுத்தேன். உள்ளே வெள்ளைக் கல். நடுவில் தீக்குச்சி நுழைகிற அளவுக்கு ஓட்டை, அடுத்த குழாயில் அதுவும் இல்லை.

சுண்ணாம்பு. எங்கள் ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கும் என்பது எங்கள் ஊர் எருமைக்குக்கூடத் தெரியும். எங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவின் உள்ளே வெள்ளையாகக் கல் பிடிக்கும். போகிக்குப் போகி அம்மா அதைப் பழைய அரிவாளால் சுரண்டுவார். அண்டாவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொள்வது என் வேலை. பத்து வருடம் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். பெரம்பலூர்த் தண்ணீரில் பெட்டியைச் சோதித்துவிட்டு, சுண்டுவிரல் நுழையாத குழாயில் இந்தத் தண்ணீரை விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். புரட்டாசியிலேயே அடைத்திருக்க வேண்டும்.

அப்படியானால் ஐப்பசியில் ஐம்பத்தெட்டு எங்கிருந்து வந்தது? நானே தொட்டுப் பார்த்த சூடு எங்கிருந்து வந்தது?

வைக்கோல் போருக்குப் பின்னால் போனேன். ஏன் அங்கே போனேன் என்று தெரியவில்லை, கால் போனது. போருக்கும் வேலிக்கும் நடுவில் தாழ்வாக ஒரு தகரம் சாய்த்திருந்தது. அதன் கீழே மூன்று கல், கரிபிடித்த அண்டா, முழங்கால் உயரத்துக்குச் சாம்பல். மழையில் நனைந்து பாதி வெந்த முந்திரி விறகு ஒரு கட்டு. நிமிர்ந்து உட்கார முடியாத இடம். பழைய அடுப்பு திறந்தவெளியில் இருந்தது, புகை மேலேயாவது போகும்.

அண்ணன் பின்னால் வந்து நின்றார்.

"தெனம் மூணு மணிக்கு ஆரம்பிப்பா. பொட்டித் தண்ணியப் புடிச்சு, இதுல சுட வெச்சு, படி ஏறி ஊத்துவா. நாலு கொடம். மழை நாளுன்னா ஆறு கொடம். நீ வர ஞாயித்துக்கெழமன்னா காலையிலயே ஊத்தி வெச்சிடுவா, சாயங்காலம் வரைக்கும் ஆறாது. ஓம் உமி நல்லாப் புடிச்சு வெச்சிச்சு."

"நீ ஏன்ணே சொல்லல?" என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது.

அண்ணன் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல் பார்த்தார்.

"ஒனக்குத் தெரியும்னுல்லடா நெனச்சேன். 'அம்பத்தஞ்சுக்குக் கொறையக் கூடாதுன்னு தம்பி சொல்லிட்டுப் போயிருக்கு, ஆனி வரைக்கும்தான்'னு சொன்னா. நீ சொல்லித்தான் பண்றான்னு நெனச்சேன்."

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அறுத்த குழாய்த் துண்டு கையில் இருந்தது, அதை எடை பார்ப்பவன் மாதிரி கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். எருமை கத்தியது. அண்ணன் தண்ணீர் காட்டப் போனார்.

குழாய்த் துண்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு பெரம்பலூர் வந்தேன். இரண்டையும் மேலதிகாரியின் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். புதுப் பெட்டிகளை அரியலூர்ப் பக்கம் அனுப்பக் கூடாது, குழாயில் சுண்ணாம்பு இல்லாத தண்ணீரை அடைத்துத் தனியாக ஓடவிட்டு, கிணற்றுத் தண்ணீரை அதன் சூட்டில் சுட வைக்கிற மாதிரி மாற்ற வேண்டும் என்றும் சொன்னேன். பிற்பாடு அப்படித்தான் மாற்றினோம். குரும்பலூரில் ஒரு தோட்டத்தில் வைத்தது வெகுநாள் ஓடியது. போய்ப் பார்த்தேன். குழாயைத் திறந்து காட்டினார்கள், சுட்டது. நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் அன்றைக்கு மேலதிகாரி குழாயின் ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்தார். கடைசிப் பக்கத்தில், அரியலூருக்கு வண்டி கட்டிய அன்றைக்கும் அண்ணி எழுதியிருந்தார். ஐம்பத்தேழு. எழுத்து கோணியிருந்தது.

"அப்ப இந்த நோட்டுல இருக்கறதெல்லாம் பொய்யாப்பா?" என்றார் மெதுவாக.

"இல்ல சார். அவங்க நூறு எண்ணி, பாத்துத்தான் எழுதினாங்க. தண்ணி அவ்வளவு சூடு இருந்திச்சு." புரட்டாசிப் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்துக் காட்டினேன். "இது ஒண்ணுதான் சார் பொய். இது என் கையெழுத்து."